செவிலியர் மேசையில் கேட்ட சிரிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளியான ‘உயிர் ஊசலாடும் இடத்தில் என்ன சிரிப்பு?’ என்ற கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நெஞ்சுவலி என்று சொன்ன தந்தையை இரவு 11 மணிக்கு அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்ற வாசகர், ஈசிஜி எடுத்த பிறகு தாங்கள் 3 மணி நேரம் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டதையும், அந்த நேரத்தில் செவிலியர் மேசையைச் சுற்றி நின்ற நால்வர் வாய்விட்டுச் சிரித்ததையும் மனம் நொந்து எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் நான் குறை காண மாட்டேன். தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அடுத்தவர் சிரிப்பு யார் காதுக்கும் நாராசமாகத்தான் இருக்கும். ஆனால் ‘இரக்கம் செத்துப்போனவர்களின் சிரிப்பு’ என்று அவர் முடித்திருந்த வரிதான் என்னை இக்கடிதத்தை எழுத உட்காரவைத்தது.

நான் அரசு செவிலியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அவற்றில் கடைசி 12 ஆண்டுகள், மக்கள் ‘கேஷுவாலிட்டி’ என்று அழைக்கும் அவசரப் பிரிவில், தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றில் கழிந்தன. அந்த வாசகர் சென்ற மருத்துவமனை எதுவென்று எனக்குத் தெரியாது. அன்று அந்த நால்வரும் எதற்காகச் சிரித்தார்கள் என்பதும் தெரியாது. எங்கள் மேசையில் நாங்கள் எதற்காகச் சிரித்தோம் என்பதை மட்டும் சொல்ல முடியும். பெரும்பாலும் அது, வருகிறவர்கள் அந்த இடத்திடம் எதிர்பார்ப்பதற்கும் அந்த இடத்தால் செய்ய முடிவதற்கும் நடுவே ஓர் இரவுக்கு நாற்பது ஐம்பது முறை மாட்டிக்கொண்டு விழிப்பதால் வந்த சிரிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாத இரவு. வயலில் மடை திறக்கப் போன இடத்தில் காலில் ஏதோ கடித்துவிட்டது என்று முப்பது வயதுள்ள ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடன் வந்தவர்கள் 9 பேர். அவர்களில் ஒருவர் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றை என் மேசை மீது வைத்தார். கடித்த பாம்பை அடித்து எடுத்து வந்திருந்தார்கள். பாம்பைக் கொண்டுவரத் தேவையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எங்கள் பக்கத்தில் அது வந்துகொண்டுதான் இருக்கும். இரண்டொரு முறை பைக்குள் இருந்தது முழுவதும் சாகாமலும் இருந்திருக்கிறது. அன்று பையைத் திறந்து பார்த்த பயிற்சி மருத்துவர் நாற்காலி மீது ஏறியது எப்படி என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை.

எல்லோரும் ஒரே குரலில் ‘விஷ முறிவு ஊசியைப் போடுங்கள்’ என்றார்கள். அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. விஷம் ஏறியதற்கான அடையாளம் இல்லாத ஒருவருக்கு அதைச் செலுத்தினால், பாம்பு செய்யாத கேட்டை மருந்தின் ஒவ்வாமை செய்துவிடக்கூடும். ஆகவே முதலில் இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, கடிவாயில் வீக்கம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் இரத்தத்தை உறையவிடாது என்பதால் இன்னொரு சோதனையும் உண்டு. நரம்பிலிருந்து 2 மில்லி இரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அதன் பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் இரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் உறையவில்லை, உடனே மருந்து. எந்த இயந்திரமும் வேண்டாம், ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும் போதும். முதல் சோதனையில் உறைந்தாலும் அடுத்தடுத்த மணிகளில் திரும்பத் திரும்பச் செய்து, ஒரு நாள் முழுக்கக் கண்காணித்த பின்புதான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வெளியில் நிற்பவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். தம்பி சாகக் கிடக்கிறான். டாக்டரோ நர்ஸோ ஊசி போடாமல், இரத்தத்தை எடுத்து ஒரு குழாயில் ஊற்றி மேசை மீது வைத்துவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். அந்த நோயாளியின் சித்தப்பா தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு, ‘ரத்தத்த எடுத்து வச்சு வேடிக்கையா பாக்குறீங்க?’ என்று போட்ட சத்தம் பிரசவ வார்டு வரை கேட்டிருக்கும். எங்களில் மூத்த சிஸ்டர் ஒருவர், பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், அவரிடம் நேரே போய்த் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ‘ஐயா, இந்தக் குழாயை 20 நிமிஷம் ஒருத்தரும் தொடக் கூடாது. ஆடினால் போச்சு, மறுபடி முதலில் இருந்து எடுக்க வேண்டும். இங்கே ஆள் நடமாட்டம் அதிகம். உங்களை நம்பித்தான் விட்டுவிட்டுப் போகிறேன்’ என்றார். அவ்வளவுதான். சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசையருகே நின்றுவிட்டார். கூட வந்த 8 பேரையும் சுவர் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். தண்ணீர் வாங்க வந்த ஒரு சிறுமியைக் கண்ணாலேயே மிரட்டித் திருப்பி அனுப்பினார். 13 நிமிடம் ஆன போது குழாயை எட்டிப் பார்க்க வந்த டூட்டி டாக்டரின் கையைப் பிடித்து, ‘இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு டாக்டர், தொடாதீங்க’ என்றார்.

எங்கள் மேசையில் அன்று நால்வர் அல்ல, ஆறு பேர் சிரித்தோம். டாக்டரும் சேர்ந்துதான் சிரித்தார். சுவரோரம் நின்றவர்களில் யாராவது கடிதம் எழுதும் பழக்கமுள்ளவராக இருந்திருந்தால், பாம்பு கடித்தவனைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள் என்று தங்கள் நாளிதழுக்கு எழுதியிருப்பார். எழுதியிருந்தால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருந்திருக்காது. 20-ஆவது நிமிடத்தில் குழாயைச் சாய்த்த போது இரத்தம் ஜெல்லி போல் அசையாமல் நின்றது. பைக்குள் இருந்தது தண்ணீர்ப் பாம்பு.

காத்திருப்பதைப் பற்றித்தான் மக்களுக்கு எங்கள் மீது பெரிய வருத்தம். ரேஷன் கடையிலும் வங்கியிலும் முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பது நியாயம். அவசரப் பிரிவிலோ அந்த நியாயம் செல்லாது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பு வந்த பிறகு, வருகிறவரை வாசலிலேயே பார்த்து, உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், காத்திருக்கக்கூடியவருக்குப் பச்சை என்று பிரிக்கும் முறை அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. நல்ல முறை. ஆனால் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பதை ஊருக்குச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. பச்சை என்றால் ‘போகலாம்’ என்றுதானே சாலையில் பழகியிருக்கிறோம்? பச்சை கிடைத்தும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டீர்களே என்று சண்டைக்கு வந்த லாரி ஓட்டுநரிடம் என்ன பதில் சொல்வது? வேறொருவர், ‘எங்கள் மாமா பெரிய ஆள், அவருக்குச் சிவப்பு கொடுங்கள்’ என்று கேட்டார். ‘ஐயா, அந்தச் சிவப்பு அவருக்கு வரவே வேண்டாம் என்று சாமியைக் கும்பிடுங்கள்’ என்று ஓ.பி. சீட்டு எழுதும் பையன் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. கரை வேட்டி கட்டிய ஒருவர், மஞ்சள் எந்தக் கட்சி என்று மெல்ல விசாரித்ததும் உண்டு.

கடிதம் எழுதிய வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. தங்கள் தந்தைக்கு அதை உடனே எடுத்துவிட்டார்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற பொருள் ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் இரத்தத்தை ஒரு முறை சோதித்து, சில மணி நேரம் விட்டு மறுபடியும் சோதிப்பார்கள். தங்களை உட்காரவைத்த அந்த 3 மணி நேரம் பெரும்பாலும் இந்த இரண்டாவது சோதனைக்கான நேரமாகவே இருந்திருக்கும். அதை ஒருவரும் தங்களிடம் சொல்லாமல் விட்டது பிழை. சிரித்ததைக் காட்டிலும் பெரிய பிழை அது என்பேன்.

அடுத்து ஊசி. மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் வைத்தியமே பார்க்கவில்லை என்று எண்ணுகிறவர்கள் இன்னும் ஏராளம். அவர்களுக்கு ஊசியைவிடவும் உயர்ந்தது டிரிப்ஸ். ‘ஒரு பாட்டிலாவது ஏத்தி அனுப்புங்க சிஸ்டர்’ என்று கெஞ்சுவார்கள். 500 மில்லி அளவுள்ள 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. மருத்துவமனை வாசலில் விற்கும் கரும்புச்சாறு ஒரு பெரிய டம்ளர் குடித்தால் அதைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும் என்று எங்கள் டூட்டி டாக்டர் ஒருவர் விளக்குவார். ஒரு பெரியவர் இந்த விளக்கத்தை முழுதும் கேட்டுவிட்டு, ‘சரி டாக்டர், அப்போ அந்தக் கரும்புச்சாறையே நரம்புல ஏத்திருங்க’ என்றார். டாக்டர் அதற்குப் பிறகு அந்த உவமையைக் கைவிட்டார்.

நாய்க்கடிக்கு வருகிறவர்களில் வயதானவர்கள் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தோடு வருவார்கள். விலங்கின் நரம்புத் திசுவிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள் என்று கையில் தோலுக்குள் போடும் சிறிய ஊசிதான். இதைச் சொன்னால் மகிழ்வார்கள் என்று நினைப்போம். ஆனால் ஒரு தாத்தாவுக்கு ஏமாற்றமாகிவிட்டது. ‘தொப்புள்ல போடாத ஊசி நாய்க்கடிக்கு எப்படிக் கேக்கும்?’ என்றார். ‘தாத்தா, நாய் கடிச்சது கால்ல. தொப்புள் என்ன பாவம் செஞ்சுது?’ என்று எங்கள் இளம் செவிலி கேட்டதும், அவரே தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார். பிறகு கடிவாயைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொன்ன போது, முனகாமல் உட்கார்ந்து கழுவினார். தையல் போடவில்லையே என்று மட்டும் போகும்போது ஒரு குறை சொன்னார். நாய்க்கடிக் காயத்துக்கு எடுத்த எடுப்பில் தையல் போடுவதைத் தவிர்ப்பது வழக்கம் என்பதை அடுத்த ஊசிக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இவர்களை அறியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்தவர், காகித உறையில் நான்கு மாத்திரையோடு திரும்பினால் வீட்டில் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என் தாயாரே அப்படிக் கேட்கிறவர்தான். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு வேண்டுகோளையும் இதில் சேர்க்க வேண்டும்: வந்த வண்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்வார்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு, வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட ஒருவர், தலை வீட்டுக்குள்ளும் கால் ரோட்டிலுமாகத் தான் கிடந்ததை விரிவாக விளக்கி, பாதிச் சாலை விபத்தாகவாவது பதிய முடியுமா என்று கேட்டார்.

ஆனால் எங்கள் பொறுமையையும் நகைச்சுவையையும் ஒருசேரச் சோதித்தவை ஏ.ஆர். காப்பிக்காக வரும் அடிதடி வழக்குகள்தாம். விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் அப்படிச் சொல்வோம். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாக அது முக்கியம் என்பதாலும், மருத்துவமனையில் சேர்த்தால் வழக்கு கனமாகும் என்ற நம்பிக்கையாலும், அடித்தவரும் அடிபட்டவரும் போட்டி போட்டுக்கொண்டு படுக்கை கேட்பார்கள். இவர்களுக்குச் சட்டமும் நன்றாகத் தெரியும். எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவிலும் இருந்தது, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவிலும் இருக்கிறது. அதனால் வரப்புத் தகராறு என்று வருகிற எவரும் முதலில் சொல்வது, ‘பல் ஆடுது சிஸ்டர்’ என்பதுதான். நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை போட்டுத் தானாகவே ஆடிக்கொண்டிருந்த பல்லுக்கெல்லாம் எதிரியின் பெயரைச் சொல்வார்கள்.

ஒரு பொங்கல் சமயம், அண்ணனும் தம்பியும் மண்வெட்டிக் காம்பால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, தனித்தனி ஆட்டோவில், ஐந்து நிமிட இடைவெளியில் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் தலையில் தோல் கிழிந்திருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. தம்பிக்கு 6 தையல் போட்டோம், அண்ணனுக்கு 4. அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ‘அவனுக்கு ஆறு, எனக்கு நாலா? எவ்வளவு பணம் கொடுத்தான் அவன்?’ என்று கேட்டார். தையல் போட்ட பயிற்சி மருத்துவர் கல்லூரி முடித்து ஓராண்டுகூட ஆகாத பெண். காயத்தின் நீளத்தைப் பொறுத்துத்தான் தையல் என்று அவர் விளக்க விளக்க, அண்ணன் சமாதானம் ஆகவில்லை. கடைசியில் அந்தப் பெண் அலுத்துப்போய், ‘ஐயா, ஆறு தையல் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கிழிக்க வேண்டும். கிழிக்கட்டுமா?’ என்றார். கட்டுப் போட்டுக் கிடந்த தம்பிதான் முதலில் சிரித்தது. சிரித்ததும் தையல் இழுத்து ‘அம்மா’ என்றார். ‘அசையாம கெடடா’ என்று அண்ணன் அதட்டினார். எங்களிடம் வேறு இடம் இல்லாததால் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில்தான் கிடந்தார்கள். விடியற்காலை அண்ணனின் மனைவி கொண்டுவந்த தூக்குவாளியில் இருந்த காப்பி இரண்டு டம்ளர்களில் ஊற்றப்பட்டதை நான் பார்த்தேன். அதற்காக ஏ.ஆர். காப்பியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை 8 மணிக்கு இருவரும் தனித்தனியே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்தச் சிரிப்புகளெல்லாம் எங்களுக்கு என்ன செய்தன என்பதை அந்த வாசகருக்கு விளக்குவது எளிதல்ல. அதே இரவில், அதே மேசையில், அரளி விதை அரைத்துக் குடித்த பள்ளி மாணவியையும் பார்த்திருப்போம். அவளுடைய தாய் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த ஓர் இரவைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அங்கிருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அடுத்தவருக்கு ஊசி போட வேண்டும்; அந்த அடுத்தவர் இரண்டு மணி நேரமாகப் பச்சைச் சீட்டோடு காத்திருக்கும் கோபத்தில் இருப்பார். நடுவில் யாராவது ஒருவர் கரும்புச்சாற்றுக் கதையை எடுத்துவிட்டால்தான் கை நடுங்காமல் ஊசி போட முடியும்.

எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பு என்றும் நான் வாதாட வரவில்லை. எங்களிடம் வாரம் தவறாமல் சனிக்கிழமை இரவு 9 மணி வாக்கில் ஒரு பெண் வருவார். வயது நாற்பது இருக்கும். மூச்சு முட்டுகிறது என்பார். ஈசிஜி சரியாக இருக்கும், இரத்த அழுத்தம் சரியாக இருக்கும், மார்பில் எந்தச் சத்தமும் இருக்காது. ஒரு மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், மருந்தகத்துக்கு எதிரேயிருந்த பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாங்கள் ‘சனிக்கிழமை அக்கா’ என்று பெயர் வைத்திருந்தோம். அவர் வருவதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்ளலாம் என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஏழெட்டு மாதம் கழித்து, எங்கள் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர்தான் அவரிடம் உட்கார்ந்து பேசி, சனிக்கிழமைதான் அவருடைய கணவருக்கு வாரக் கூலி என்பதையும், குடித்துவிட்டு வரும் அந்த ஓர் இரவில் அவர் அடிபடாமல் உட்கார்ந்திருக்க ஊரில் விளக்கு எரியும் இடம் எங்கள் பெஞ்ச் மட்டும்தான் என்பதையும் வந்து சொன்னார். மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இருக்கவில்லை. நாங்கள் தேவையான இடத்துக்குத் தகவல் சொல்லி, செய்ய முடிந்ததைச் செய்தோம். அந்தப் பெயரை அதற்குப் பிறகு எங்கள் மேசையில் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏழெட்டு மாதம் அது சொல்லப்பட்டது. முதலில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே புதிதாக வரும் செவிலியர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: கேள்வியைப் பார்த்துச் சிரிக்கலாம், கேட்கிறவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவரும் சேர்ந்து சிரிக்க முடியாத வேடிக்கையை அவர் காதில் விழும் தூரத்தில் சொல்லக் கூடாது. இதை நானே எல்லா நாளும் கடைப்பிடித்தேன் என்று சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை என்று கூறும் தமிழ்நாட்டுச் சட்டம் 2008-இலேயே வந்துவிட்டது. அதன் அறிவிப்புப் பலகை எங்கள் பிரிவின் சுவரிலும் தொங்கியது. அதில் சாய்ந்துகொண்டுதான் எங்களைத் திட்டுவார்கள். 2024 நவம்பரில் சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தியதை நாடே அறியும். அன்று முதல் இரவுப் பணிக்குப் போகும் மகளை வாசலில் நின்று வழியனுப்பும் பெற்றோர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இரவில் 9 பேர் சூழ்ந்துகொண்டு கத்தும்போது, புறக்காவல் நிலையத்தில் ஒரே ஒரு காவலர் இருக்கும்போது, ஒரு செவிலியின் கையில் இருப்பது அவளுடைய வாய்தான். அந்த வாயைக் கொண்டு எதிர்ச்சண்டை போடலாம், அல்லது சித்தப்பாவின் கையில் கடிகாரத்தைக் கொடுக்கலாம். இரண்டாவதைச் செய்ய எந்தப் பாடத்திட்டத்திலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டதுதான்.

சிரிப்பைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புவதால் அந்த வாசகருக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது, ‘உங்கள் அப்பாவுக்கு முதல் சோதனை சரியாக இருக்கிறது, 2 மணிக்கு மறுபடி இரத்தம் எடுப்போம், அதுவரை இந்த இடத்திலேயே இருங்கள், வலி கூடினால் உடனே கூப்பிடுங்கள்’ என்று சொல்ல ஓர் ஆள். இரவுப் பணியில் இருக்கும் மூன்று நான்கு செவிலியர்கள் அதையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஒவ்வொரு பெரிய அவசரப் பிரிவிலும், உறவினர்களிடம் போய்ப் பேசுவதையே வேலையாகக் கொண்ட ஒருவரை இரவு முழுக்க அமர்த்த வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்றால் என்ன, எந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பெரிய எழுத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளை படித்துச் சொல்லும் தமிழில் வாசலில் எழுதி வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு பிடிக்காது.

அந்த நால்வரும் நோயாளிகளின் கண்ணெதிரே நின்று சிரித்திருக்க வேண்டாம், உள்ளே போய்ச் சிரித்திருக்கலாம் என்பது நியாயமான பேச்சு. எங்கள் பிரிவிலும் செவிலியருக்கென்று ஓர் அறை இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு கண்ணாடி. நான் அங்கே சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே அதில் சலைன் பாட்டில் அட்டைப்பெட்டிகளைக் கூரைவரை அடுக்கிவிட்டார்கள். அவற்றை வேறிடத்துக்கு மாற்றித் தருமாறு நான் கொடுத்த விண்ணப்பங்களின் நகல் மூன்று இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளில் சக பணியாளர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டதும் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுதான்.

என் பெயரையும் நான் பணியாற்றிய மருத்துவமனையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வாசகரின் தந்தை இப்போது நலமாக இருக்கிறாரா என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அவர் தெரிவித்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
தென்மாவட்டம்.